எந்தக் கல்லூரியில் படித்தால் மேற்படிப்புக்கு இடம் கிடைக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மாவட்டம் ஒன்றில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 17 வருடமாக இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே துறை வாசலில் ஆள் சேர்ந்துவிடும். பிளாஸ்டிக் கவரில் மார்க் ஷீட், பக்கத்தில் பேசாமல் நிற்கிற பிள்ளை, பேசுவதற்கென்றே கூட வந்திருக்கிற மாமா. முன்பெல்லாம் "படிச்சா வேலை கிடைக்குமா சார்?" என்று கேட்பார்கள். இப்போது "இங்க படிச்சா மேல படிக்க நல்ல இடம் கிடைக்குமா?" என்பதும் சேர்ந்துகொண்டது. வருடா வருடம் சொல்லித் தொண்டை கட்டிப்போகிறது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

எங்கள் ஊர்க் கல்லூரியில் பிஎஸ்சி படித்தால் ஐஐடியில் எம்எஸ்சி சேரவே முடியாதா?

தாராளமாக முடியும். ஐஐடி எம்எஸ்சிக்கு ஜாம் என்று ஒரு தேர்வு இருக்கிறது. மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். இயற்பியல், வேதியியல், கணிதம், கணிதப் புள்ளியியல், உயிரித்தொழில்நுட்பம், நிலவியல் (ஜியாலஜி), பொருளாதாரம் என ஏழு தாள்கள். ரேங்க் வந்தால் இடம். கல்லூரியின் பெயரை விண்ணப்பத்தில் நீங்கள் நிரப்பத்தான் செய்வீர்கள். ரேங்க் போடுகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை.

மேற்படிப்புக்குப் போகிற வாசல்கள் இரண்டு ரகம். ஒன்று பரீட்சை வாசல், இன்னொன்று ஃபைல் வாசல். பரீட்சை வாசலில் நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஃபைல் வாசலில் மார்க் ஷீட், ஆசிரியர் கடிதம், செய்த புராஜெக்ட் என எல்லாவற்றையும் சேர்த்துவைத்துப் பார்ப்பார்கள். கல்லூரியைப் பற்றிய பேச்செல்லாம் இந்த இரண்டாவது வாசலுக்குத்தான் பொருந்தும். பாதிக் குழப்பம், இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

பரீட்சை வாசலில் எவையெல்லாம் வரும்?

எம்டெக்குக்கு கேட். மருத்துவ மேற்படிப்புக்கு நீட் பிஜி. சட்ட மேற்படிப்புக்கு கிளாட். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு 2022 முதல் க்யூட் பிஜி. அண்ணா பல்கலைக்கழகமும் அதன் இணைப்புக் கல்லூரிகளும் என்றால் எம்பிஏ, எம்சிஏவுக்கு டான்செட், எம்இக்கு சீட்டா. சிறுசேரியில் இருக்கிற சென்னை கணிதவியல் கழகம் தானே ஒரு நுழைவுத் தேர்வு நடத்துகிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஐஐஎம்களுக்கான தேர்வின் பெயரையும் (CAT) பொறியியல் தேர்வின் பெயரையும் (GATE) தமிழில் எழுதினால் இரண்டும் கேட்தான். போன வருடம் ஒரு அப்பா, மகன் பொறியியல் கேட் எழுதியதை வைத்துக்கொண்டு ஐஐஎம் கட்டணம் எவ்வளவு என்று என்னிடம் விசாரித்தார்.

ஐஐஎம் கேட்டில் கல்லூரி பார்ப்பார்களா?

தேர்வு மதிப்பெண்ணோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி மார்க், வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் எடை போட்டுத்தான் பல ஐஐஎம்கள் நேர்காணலுக்குக் கூப்பிடுகின்றன. எடை மதிப்பெண்ணுக்குத்தான், கல்லூரிப் பெயருக்கு இல்லை. பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்டவருக்கு எந்தக் கல்லூரியும் அதைத் திருத்திக் கொடுக்க முடியாது.

அப்படியானால் கல்லூரிக்கு வேலையே இல்லையே?

இருக்கிறது. நீங்கள் நினைக்கிற வேலை இல்லை, அவ்வளவுதான். ஜாம் எழுதுகிற பிள்ளை தினமும் இரண்டு மணி நேரமாவது தனியாகக் கணக்குப் போட வேண்டும். கல்லூரி பஸ் மூன்றரைக்குக் கிளம்பி ஐம்பது கிலோமீட்டர் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டால், அந்த இரண்டு மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். நூலகம் நாலு மணிக்குப் பூட்டப்படுகிறதா, எட்டு மணி வரை திறந்திருக்கிறதா என்பது தரவரிசையில் கல்லூரி நாற்பதாவதா எழுபதாவதா என்பதைவிட முக்கியம்.

அடுத்தது உடன் படிக்கிறவர்கள். வகுப்பில் நாலு பேர் ஜாமுக்குப் படித்தால் ஐந்தாவது பையன் தானாகப் படிப்பான். ஒருவருமே படிக்காத வகுப்பில் படிக்கிறவன், தான் ஏதோ தப்புச் செய்கிற மாதிரி ஒளித்து ஒளித்துப் படிக்கிறான். என்னிடமே ஒரு பையன் பழைய கேள்வித்தாள்களை ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்துக் கொண்டுவருவான்.

ஆனால் பெரிய கல்லூரிகளிலிருந்துதானே அதிகம் பேர் போகிறார்கள்?

போகிறார்கள். அங்கே சேர்ந்தவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பொறியியல் கவுன்சிலிங்கில் 200க்கு 198 கட் ஆஃப் வைத்திருக்கிற பிள்ளை கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்கிறது. நாலு வருடம் கழித்து அது நல்ல இடத்துக்குப் போனால் பெருமை கிண்டிக்கா, 198க்கா? இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.

அமெரிக்காவில் இதைப் பிரித்துப் பார்க்க முயன்றிருக்கிறார்கள். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பெயர்பெற்ற கல்லூரியில் இடம் கிடைத்தும் அங்கே போகாமல் சாதாரணக் கல்லூரிக்குப் போனவர்களையும், அங்கேயே போய்ச் சேர்ந்தவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிற்காலச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெயர்பெற்ற கல்லூரி நல்ல பலன் தந்திருந்தது. அவர்கள் அளந்தது சம்பளத்தைத்தான், மேற்படிப்பை அல்ல, நாடும் வேறு. இருந்தாலும் அந்தக் கடைசி விஷயம் எனக்கு நம் ஊர் முதல் தலைமுறைப் பட்டதாரிகளை ஞாபகப்படுத்துகிறது. வீட்டில் வழி சொல்ல ஆள் இருக்கிற பிள்ளைக்குக் கல்லூரி ஒரு கட்டடம். ஆள் இல்லாத பிள்ளைக்குக் கல்லூரிதான் அந்த ஆள்.

ஐஐடியிலேயே பிடெக் படித்தவர்களுக்குச் சலுகை உண்டாமே?

உண்டு. ஐஐடியில் பிடெக் முடித்து சிஜிபிஏ 8 அல்லது அதற்கு மேல் வைத்திருப்பவர்களை, கேட் எழுதாமலேயே ஐஐடிகள் எம்டெக்கில் சேர்த்துக்கொள்கின்றன. மத்திய அரசு நிதியில் நடக்கும் என்ஐடி போன்ற நிறுவனங்களில் படித்தவர்களுக்கும் சில ஐஐடிகள் ஆராய்ச்சிப் படிப்புகளில் இதே மாதிரி வழி விடுகின்றன. கல்லூரிப் பெயர் விதியாகவே எழுதப்பட்டிருக்கும் இடம் இது. நம்மவர்கள் கேட் எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான். மூன்றாம் ஆண்டிலிருந்தே எழுதலாம், மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். கேட் மூலம் எம்டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் வருகிறது.

நேர்காணல் இருக்கும் இடங்களில், கல்லூரிப் பெயரைப் பார்த்ததும் ஒதுக்கிவிட மாட்டார்களா?

என் மாணவி ஒருத்தி பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். "எந்தப் பாடத்தில் கேட்கட்டும்?" என்றார்கள். பயத்தில் இருப்பதிலேயே சுலபமானதாக இயந்திரவியல் என்று சொல்லிவிட்டாள். தனி ஊசலின் அலைவு நேரத்துக்குச் சூத்திரம் கேட்டார்கள், எழுதினாள். "வீச்சைப் பெரிதாக்கினால் இந்த நேரம் கூடுமா, குறையுமா, மாறாதா?" என்று அடுத்த கேள்வி. பாடப்புத்தகத்தை மட்டும் படித்தவர்கள் மாறாது என்பார்கள். இவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, "கூடும் சார். லேபில் என் பார்ட்னர் குண்டை ரொம்ப இழுத்து விட்டுட்டான். இருபது அலைவுக்கு முக்கால் வினாடி அதிகமா வந்துச்சு. தப்புன்னு நினைச்சு ரெக்கார்டுல பழைய எண்ணையே எழுதிட்டேன்" என்றிருக்கிறாள். ஐந்து பேரும் சிரித்தார்களாம். பிறகு அரை மணி நேரம் அந்த முக்கால் வினாடியைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். இடம் கிடைத்தது.

எங்கள் கல்லூரி எங்கே இருக்கிறது என்று கடைசியில் ஒருவர் கேட்டாராம், ஊருக்குப் போக எத்தனை மணி நேரம் ஆகும் என்று தெரிந்துகொள்ள. (ரெக்கார்டு நோட்டில் பொய் எழுதியதற்கு நான் தனியாகத் திட்டினேன். அதில் கையெழுத்துப் போட்டது நான்தான் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.)

வெளிநாட்டுப் படிப்புக்கு? அங்கே நம் கல்லூரிப் பெயரே தெரியாதே.

இதுதான் ஃபைல் வாசல். பெயர் ஓரளவு எடுபடும். அமெரிக்காவில் எம்எஸ், பிஎச்டி சேர்க்கையை அந்தந்தத் துறைப் பேராசிரியர்களே பார்க்கிறார்கள். ஐஐடி மெட்ராஸ் என்றதும் அவர்களுக்கு ஒரு பழைய மாணவர் முகம் நினைவுக்கு வரும். அந்த மாணவர் நன்றாகச் செய்திருந்தால் அடுத்து வருகிறவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. நம் கல்லூரிப் பெயரைக் கேட்டால் எந்த முகமும் வராது. அது கெட்ட பெயர் இல்லை, வெற்றுப் பெயர். அதை நிரப்ப வேண்டியது ஃபைலில் இருக்கும் மற்ற காகிதங்கள்.

பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கேட்பவை: எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், மூன்று பரிந்துரைக் கடிதங்கள், ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் கட்டுரை, ஆங்கிலத் தேர்வு. முன்பு ஜிஆர்இ என்ற பொதுத் தேர்வின் மதிப்பெண்ணையும் எல்லோரும் கேட்டார்கள். தெரியாத கல்லூரியிலிருந்து போகிறவருக்கு அது ஒருவகையில் நல்லதாகவே இருந்தது, உலகம் முழுக்க ஒரே தராசு என்பதால். இப்போது பல துறைகள் அதைக் கைவிட்டுவிட்டன. தராசு போன இடத்தில் கடிதத்தின் எடை கூடிவிட்டது. தேவையில்லை என்று சொல்லாமல் "விருப்பம் இருந்தால் அனுப்பலாம்" என்று சொல்கிற துறைகளுக்கு, நம் மாணவர்கள் நல்ல மதிப்பெண் இருந்தால் அனுப்பிவிடுவது நல்லது.

படிவம் நிரப்பும்போது ஒன்று: இணைப்புக் கல்லூரியில் படித்தாலும் பட்டம் தருவது பல்கலைக்கழகம்தான். நிறுவனத்தின் பெயர் என்று கேட்டால் பட்டம் தரும் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கல்லூரிப் பெயரை விளக்கம் எழுதும் இடத்தில் எழுதுங்கள். பட்டியலில் கல்லூரி இல்லையே என்று பயந்து விண்ணப்பத்தையே கைவிட்ட பையனைப் பார்த்திருக்கிறேன்.

பரிந்துரைக் கடிதத்துக்கு இவ்வளவு முக்கியத்துவமா? ஹெச்ஓடி எல்லோருக்கும்தானே தருகிறார்?

எல்லோருக்கும் தருகிறார் என்பதுதான் அதில் உள்ள சிக்கல். நம் கல்லூரிகளில் நடப்பது இதுதான்: பையன் போய் நிற்பான், "நீயே டைப் பண்ணிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்" என்பார்கள். அவன் சீனியரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிப் பெயரை மாற்றுவான். சின்சியர், ஒபீடியன்ட், ரெகுலர் என மூன்று சொல். படிக்கிற அமெரிக்கப் பேராசிரியருக்கு அதிலிருந்து, பையன் வகுப்புக்கு வந்தான் என்பது மட்டும் தெரியும்.

நான் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த காலத்தில் கடிதத்தை உறையில் ஒட்டித் தருவார்கள். என் ஆசிரியர் ஒருவர் தந்த உறையில் ஒரு நகல் கூடுதலாக என் கைக்கு வந்தது. முதல் வரியில் என் பெயர். நடுப்பத்தியில் எனக்கு முந்தின வருடம் படித்த அண்ணன் பெயர், அவர் செய்த புராஜெக்ட். ஆசிரியர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் செய்த எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிகிற மாதிரி நான் எதுவும் செய்ததும் இல்லை.

உதவுகிற கடிதம் எப்படி இருக்கும்? "பத்து வருடத்தில் நான் பார்த்த மாணவர்களில் முதல் மூன்று பேரில் இவள் ஒருத்தி. வெப்பக் கடத்துதிறன் பரிசோதனையில் வந்த பிழைக்குக் காரணம் தேடி ஒரு சனிக்கிழமை முழுக்க லேபில் இருந்தாள், கடைசியில் தகட்டின் விளிம்பில் இருந்த இடைவெளியைக் கண்டுபிடித்தாள்." இப்படி ஒரு ஒப்பீடு, ஒரு சம்பவம். இதை எழுத வேண்டுமென்றால் ஆசிரியர் அந்தச் சனிக்கிழமை அங்கே இருந்திருக்க வேண்டும்.

கல்லூரித் தேர்வு மேற்படிப்பைத் தொடுகிற இடம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: உங்களைப் பெயர் சொல்லித் தெரிந்த ஒரு ஆசிரியர் அங்கே மூன்று வருடமும் இருப்பாரா? ஒரு வகுப்பில் எழுபது பேர், பாடம் எடுப்பவர் தொகுப்பூதியத்தில் வந்து அடுத்த ஜூனில் போய்விடுவார் என்றால், கடிதம் கேட்கிற நேரத்தில் யாரிடம் கேட்பீர்கள்? அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் பலர் அருமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் அடுத்த வருடம் எங்கே இருப்போம் என்பது அவர்களுக்கே தெரியாது.

அமெரிக்காவிலேயே ரீட், ஸ்வார்த்மோர், ஹார்வி மட் என்று சின்னக் கல்லூரிகள் உண்டு. அவற்றில் பிஎச்டி படிப்பே கிடையாது. ஆனால் அங்கே இளங்கலை முடித்தவர்களில் பிற்பாடு பிஎச்டி வாங்குகிறவர்களின் விகிதம் பல பெரிய பல்கலைக்கழகங்களைவிட அதிகம். சின்ன வகுப்பு, ஆராய்ச்சி மாணவர்கள் இல்லாததால் இளங்கலை மாணவர்களையே லேபில் சேர்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள்.

சில நடைமுறைகள். கடிதம் தருபவருக்குக் கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருக்கட்டும், ஜிமெயில் முகவரியிலிருந்து வருகிற கடிதத்தைச் சில பல்கலைக்கழகங்கள் சந்தேகமாகப் பார்க்கின்றன. கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பரில் வரும். நமக்கு அது செமஸ்டர் தேர்வும் மழை விடுமுறையும் சேர்ந்து வருகிற சமயம். செப்டம்பரிலேயே கேட்டுவிடுங்கள்.

பிஎஸ்சி மூன்று வருடம்தானே? அதை ஏற்றுக்கொள்வார்களா?

இங்கிலாந்தில் பிரச்சினையே இல்லை, அங்கேயும் இளங்கலை மூன்று வருடம்தான். அமெரிக்காவில் ஆளுக்கொரு கணக்கு. சில பல்கலைக்கழகங்கள் நாலு வருடம் இல்லையென்றால் கதவைத் திறப்பதில்லை. சில, மதிப்பீட்டு நிறுவனத்தின் சான்றிதழ் கேட்கும். அப்படிப்பட்ட நிறுவனங்களில் ஒன்றான டபிள்யூஇஎஸ், பட்டம் தந்த நிறுவனம் நாக் தரத்தில் (கல்லூரிகளுக்குத் தேசிய அளவில் தரும் தர மதிப்பீடு) ஏ அல்லது அதற்கு மேல் இருந்து, மாணவர் முதல் அல்லது இரண்டாம் வகுப்பில் தேறியிருந்தால், மூன்று வருடப் பட்டத்தை அமெரிக்க இளங்கலைக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறது. கல்லூரி வாசலில் பெரிய பேனரில் தொங்குகிற நாக் தரம் நேரடியாக உதவுகிற ஒரே இடம் எனக்குத் தெரிந்து இதுதான்.

மற்றவர்கள் இங்கே எம்எஸ்சி முடித்துவிட்டுப் போகிறார்கள். அதில் நஷ்டம் எதுவும் இல்லை. கடைசியாகப் படித்த இடம்தான் ஃபைலில் முதலில் தெரியும். ஊர்க் கல்லூரியில் பிஎஸ்சி, ஐஐடியிலோ மத்தியப் பல்கலைக்கழகத்திலோ எம்எஸ்சி, பிறகு வெளிநாட்டில் பிஎச்டி: என் மாணவர்களில் வெளிநாடு போனவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று படியில் ஏறியவர்கள்தான்.

ஜெர்மனியில் கட்டணம் இல்லை என்கிறார்களே, அங்கே எப்படி?

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இல்லை. அங்கே கல்லூரிப் புகழைவிட அங்கீகாரம் முக்கியம். அனாபின் என்ற அரசுத் தரவுப் பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு எதிரே எச் பிளஸ், அதாவது அங்கீகாரம் உண்டு என்ற குறி, இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழும் (படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) கட்டாயம்.

மதிப்பெண்ணை அவர்கள் மாற்றுகிற விதத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பவேரிய சூத்திரம் என்று பெயர். முழு மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும். அதை, முழு மதிப்பெண்ணுக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும். அங்கே 1தான் முதல் தரம், எண் கூடக்கூடத் தரம் குறையும். உங்கள் சிஜிபிஏ 8, தேர்ச்சிக்கு 5 என்றால் விடை 2.2. அதே 8, ஆனால் உங்கள் பல்கலைக்கழகத்தில் தேர்ச்சிக்கு 6 என்றால் 2.5. தேர்ச்சிக்கு 4 போதும் என்கிற இடத்தில் படித்தவருக்கு 2.0. சுலபமாகப் பாஸ் போடுகிற பல்கலைக்கழகத்து மாணவருக்கு நல்ல தரம் வருகிறது! பல படிப்புகளுக்கு 2.5தான் எல்லை என்பதால் இந்தப் புள்ளிகளை அலட்சியம் செய்ய முடியாது. இதற்காகக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. விண்ணப்பிக்கும்போது எந்தத் தேர்ச்சி எண்ணைச் சான்றிதழில் போட்டுத் தருகிறார்கள் என்று தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

இங்கிலாந்தில் கல்லூரிக்குக் கல்லூரி வேறு மதிப்பெண் கேட்கிறார்களாமே?

ஆம், பல பல்கலைக்கழகங்கள் இந்திய நிறுவனங்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கின்றன. மேல் பட்டியலில் உள்ளவர்களுக்குக் குறைந்த சதவீதம் போதும், மற்றவர்களுக்குக் கூடுதல் வேண்டும். அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இந்தியப் பக்கத்தில் எழுதியே இருக்கும்.

அரியர் வைத்தால் எல்லாம் போச்சா?

போகாது. பரீட்சை வாசலில் கேட்கவே மாட்டார்கள், டிகிரியை முடித்து, அந்தப் படிப்புக்குக் கேட்கிற குறைந்தபட்ச மதிப்பெண் இருந்தால் போதும். ஃபைல் வாசலில் கேட்பார்கள். முதல் செமஸ்டரில் இரண்டு அரியர், பிறகு ஏறுமுகம் என்றால் அதைக் கட்டுரையில் ஒரே வரியில் சொல்லிவிட்டு மேலே போகலாம். கடைசி வருடத்தில், அதுவும் விண்ணப்பிக்கிற பாடத்திலேயே அரியர் என்றால் விளக்குவது கடினம்.

தன்னாட்சிக் கல்லூரி நல்லதா, பல்கலைக்கழகப் பாடத்திட்டம் நல்லதா?

தன்னாட்சி என்றால் கல்லூரியே பாடத்திட்டம் வகுத்துத் தேர்வு நடத்தும், பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் தரும். கேள்வித்தாள் எடுக்கிறவர் நல்லவராக இருந்தால் நல்லது, சோம்பேறியாக இருந்தால் ஐந்து வருடக் கேள்விகளே சுற்றிச் சுற்றி வரும். பழைய கேள்வித்தாள் நாலு வாங்கிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பிஎஸ்சி சேர்கிறவர்கள் துணைப்பாடத்தையும் பார்க்க வேண்டும். இயற்பியல் எம்எஸ்சிக்கு, இளங்கலையில் கணிதம் படித்திருக்க வேண்டும் என்று பல ஐஐடிகள் எதிர்பார்க்கின்றன. கணிதத்துக்குப் பதில் வேறு எதையாவது துணைப்பாடமாக வைத்திருக்கிற கல்லூரியில் தெரியாமல் சேர்ந்துவிட்டால், ரேங்க் வாங்கியும் சேர முடியாமல் போகும். இதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

பெரிய கல்லூரியில் பிடிக்காத பிரிவா, சின்னக் கல்லூரியில் பிடித்த பிரிவா?

மேற்படிப்பு எண்ணம் இருந்தால் பிடித்த பிரிவு. பிடிக்காத பாடத்தில் 6.8 வாங்கியவருக்கு ஃபைலில் கல்லூரிப் பெயர் கைகொடுக்காது. கேம்பஸ் வேலைதான் குறி என்றால் பதில் மாறும். அது வேறு கணக்கு.

தமிழ் வழியில் பிஎஸ்சி படிக்கிறேன். தடையா?

ஜாம், கேட் இரண்டின் கேள்வித்தாளும் ஆங்கிலத்தில்தான். இரண்டாம் வருடத்திலிருந்து ஆங்கிலப் பாடப்புத்தகம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பழகியவர்கள் சமாளித்திருக்கிறார்கள். அறிவியலில் பாதிச் சொல் ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எங்கள் கல்லூரியில் ஆராய்ச்சியே நடப்பதில்லை. அனுபவத்துக்கு எங்கே போவது?

கோடை விடுமுறையில் வெளியே போங்கள். இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து இரண்டு மாதக் கோடை ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன, எந்தக் கல்லூரி மாணவரும் விண்ணப்பிக்கலாம். ஐஐடி மெட்ராஸ் தனியாக ஒரு கோடைத் திட்டம் நடத்துகிறது. மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்திலும் உண்டு. கணிதம் படிப்பவர்களுக்கு 1993ல் தொடங்கிய எம்டிடிஎஸ் பயிற்சி முகாம் இருக்கிறது. நாலு வாரம் கணக்கை வேறு கண்ணோடு பார்க்க வைத்து அனுப்புவார்கள். வேலூர் விஐடி, தஞ்சாவூர் சாஸ்திரா போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஒரு செமஸ்டரை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் செய்யும் ஏற்பாடு உண்டு, செலவை விசாரித்துக்கொள்ளுங்கள். எதுவும் முடியாவிட்டால் ஐஐடிகள் இணையத்தில் நடத்துகிற என்பிடெல் பாடங்கள். அதன் தேர்வை நேரில் போய்த்தான் எழுத வேண்டும் என்பதால் சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறது.

கோடைத் திட்டத்தில் கிடைக்கிற பெரிய லாபம், மூன்றாவது கடிதம். உங்கள் கல்லூரிக்கு வெளியே உள்ள ஒருவர் உங்களோடு இரண்டு மாதம் வேலை செய்துவிட்டு எழுதுவது.

பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் பெரிய கல்லூரியில்தானே படித்தார்கள்?

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1971ல் பரோடாவில் பிஎஸ்சி இயற்பியல் முடித்தார். மூன்று வருடப் பட்டம்தான். பிஎச்டி 1976ல் ஓஹையோ பல்கலைக்கழகத்தில். ஹார்வர்டு, எம்ஐடி வரிசையில் யாரும் சொல்லாத பெயர். பிறகு உயிரியல் பக்கம் திரும்பி, கலிபோர்னியாவில் மறுபடி மாணவராக உட்கார்ந்தார். 2009ல் வேதியியல் நோபல்.

வானியற்பியலாளர் சந்திரசேகர் படித்தது சென்னை மாநிலக் கல்லூரி, அந்தக் காலத்துக்கு அது பெரிய இடம்தான். ஆனால் அவரைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனதைப் பாருங்கள். 1928ல் ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்டு அந்தக் கல்லூரிக்கு வந்தார். சந்திரசேகர் அவர் தங்கியிருந்த ஓட்டல் அறைக்கே போய்ப் பார்த்தார். நீ படித்துவைத்திருக்கும் இயற்பியல் பழசாகிவிட்டது என்று சொல்லி, அச்சுக்குப் போகவிருந்த தன் கட்டுரையின் படியை அவர் கொடுத்தார். அதைப் படித்து இவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, கேம்பிரிட்ஜின் ஃபௌலர் வழியாக 1929ல் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. அடுத்த வருடம் அதே ஃபௌலரிடம் ஆராய்ச்சி மாணவராகக் கப்பல் ஏறினார். கல்லூரி செய்தது, சோமர்ஃபெல்டைக் கூப்பிட்டு வந்தது. ஓட்டல் அறைக் கதவைத் தட்டியது பையன்.

சரி சார், அப்ளிகேஷன் வாங்க வரும்போது கல்லூரியில் என்ன கேட்கட்டும்?

பாஸ் சதவீதம் கேட்காதீர்கள், எல்லோரும் நல்ல எண்ணாகத்தான் சொல்வார்கள். போன மூன்று வருடத்தில் ஜாமோ கேட்டோ எழுதித் தேறிய இரண்டு பேரின் போன் நம்பர் வாங்கித் தரச் சொல்லுங்கள். துறையில் ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிற ஆசிரியர்கள் எத்தனை பேர், நூலகம் எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள், துணைப்பாடம் எது என்று கேளுங்கள். லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் லேத் பட்டறை வைத்திருக்கிற ஒருவர் மகளோடு வந்தார். அவ்வளவாகப் பேசவில்லை. லேபைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். கூட்டிப்போனேன். ஸ்பெக்ட்ரோமீட்டர்கள் வரிசையாக இருந்தன. ஒன்றின் அருகில் போய், தொலைநோக்கிக் குழாயை விரலால் ஒரு இழு இழுத்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திருகாணியைத் தொட்டு, "இது சுத்தி ரொம்ப நாள் ஆச்சு போல சார்" என்றார்.

அந்தப் பெண் எங்கள் கல்லூரியில் சேரவில்லை. மறுவாரம் நாங்கள் பன்னிரண்டு ஸ்பெக்ட்ரோமீட்டரையும் கழற்றி எண்ணெய் போட்டோம். அதில் நாலு வேலை செய்யவில்லை.